பக்கம் அதே பக்கம், பொருள் வேறு: ஓர் இணையச் சந்தையில் சார்ஜர்களைத் திரும்பப் பெற்ற நிகழ்வின் ஆய்வு

பின்னணி

பல நாடுகளில் இயங்கும் நடுத்தர அளவிலான இணையச் சந்தை ஒன்றின் குறைதீர் பிரிவில் 2025ஆம் ஆண்டின் முற்பகுதியில் நடந்ததை இந்த ஆய்வு பதிவு செய்கிறது. அந்தப் பிரிவில் அப்போது பணியாற்றியவர்களுள் நானும் ஒருவன். வாடிக்கையாளர்கள், விற்பனையாளர்கள், உடன் பணியாற்றியவர்கள் ஆகியோரின் அடையாளங்களைத் தவிர்த்திருக்கிறேன். எங்கள் பிரிவின் தவறுகளைத் தவிர்க்கவில்லை.

இந்தச் சந்தை தன் பெயரில் எதையும் விற்பதில்லை. வெளி விற்பனையாளர்கள் பொருள் பக்கங்களைத் திறந்து விற்கிறார்கள். அவர்களில் பலர் சரக்கை எங்கள் கிடங்கில் இருப்பு வைக்கிறார்கள். ஆர்டர் வந்ததும் நாங்களே பொதிந்து அனுப்புகிறோம். வாங்குபவருக்குத் தெரிவதெல்லாம் ஒரு பக்கம்தான்: தலைப்பு, படங்கள், விலை, நட்சத்திரங்கள், அவற்றின்கீழ் முன்பு வாங்கியவர்கள் எழுதிய மதிப்புரைகள். பொருளைக் கையில் எடுத்துப் பார்க்க முடியாதவர், முன்பின் அறியாத ஒருவரின் சொல்லை நம்பி வாங்குகிறார். அந்தச் சொல் எந்தப் பொருளைப் பற்றிச் சொல்லப்பட்டது என்பதை உறுதி செய்ய வேண்டியது சந்தை நடத்துபவரின் பொறுப்பு.

எங்கள் பதிவுகள் எப்படி வைக்கப்பட்டிருந்தன என்பதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். மதிப்புரைகள் பக்கத்தோடு இணைக்கப்பட்டிருந்தன. புகார்கள் ஆர்டர் எண்ணோடும், விற்பனையாளரின் அடையாள ஆவணங்கள் அவருடைய கணக்கோடும் இணைக்கப்பட்டிருந்தன. கிடங்கின் வரவுப் பதிவோ, பக்கம் திறக்கப்பட்ட நாளில் கொடுக்கப்பட்ட பொருள் வகையை அப்படியே எடுத்துக்கொண்டது. பெட்டிக்குள் இருந்த பொருளோடு கூடவே செல்லும் பதிவு ஒன்றுகூட இல்லை. அன்று யாரும் இதைக் குறையாக நினைக்கவில்லை, நானும் நினைக்கவில்லை.

விதிகளுக்குப் பஞ்சம் இருக்கவில்லை. இணையத்தில் வாங்குபவருக்குக் கிடைக்கும் பாதுகாப்பு மற்ற வணிக முறைகளில் கிடைப்பதைவிடக் குறையக் கூடாது என்று, 2015இல் திருத்தப்பட்ட ஐ.நா. நுகர்வோர் பாதுகாப்பு வழிகாட்டுதல்கள் சொல்கின்றன. இந்தியாவின் 2020ஆம் ஆண்டு மின்வணிக விதிகள், புகார் கிடைத்ததை 48 மணி நேரத்துக்குள் ஒப்புக்கொள்ள வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும் என்கின்றன. இந்தக் கெடுக்களை நாங்கள் ஒருபோதும் தவறவிட்டதில்லை. எங்கள் மாதாந்திர அறிக்கையில் பெருமையோடு காட்டப்பட்ட எண் அதுதான். பின்னால் நிகழ்ந்த தவறு முழுவதும் அந்த எண்ணுக்குள்ளேயே ஒளிந்திருந்தது.

பணம் வேண்டாம் என்ற வாடிக்கையாளர்

ஒரு வாடிக்கையாளர் செல்பேசி சார்ஜர் ஒன்றை வாங்கி மூன்று வாரம் பயன்படுத்தியிருந்தார். ஒரு நாள் இரவு கருகிய வாசனை வந்து எழுந்து பார்த்திருக்கிறார். மறுநாள் காலையில் இரண்டு படங்களோடு புகார் அனுப்பினார். முதல் படத்தில் சார்ஜரின் வெள்ளை உடல், மின்முள்கள் தொடங்கும் இடத்தில் பழுப்பேறி உள்வாங்கியிருந்தது. ஒரு முள் சற்றுச் சாய்ந்து நின்றது. இரண்டாம் படம் பின்புற லேபிளை நெருங்கி எடுத்தது. மின்னழுத்தமும் மின்னோட்டமும் அச்சிடப்பட்டிருந்தன. தயாரித்தவர் பெயரோ தொகுதி எண்ணோ இல்லை.

எங்கள் தானியங்கி அமைப்பு வழக்கப்படி சில நிமிடங்களில் பதில் அனுப்பியது: வருந்துகிறோம், முழுத் தொகையும் திருப்பித் தரப்படும், பொருளைத் திருப்பி அனுப்ப வேண்டியதில்லை. குறைந்த விலைப் பொருள்களுக்கு அதுவே நடைமுறை, ஏனென்றால் திரும்பப் பெறும் செலவு பொருளின் விலையைவிடக் கூடுதலாக இருக்கும். வாடிக்கையாளர் ‘ஏற்கிறேன்’ என்று அழுத்தியதும் பணம் போய்விடும், புகாரும் மூடப்பட்டுவிடும்.

அவர் அழுத்தவில்லை. “எனக்குப் பணம் வேண்டாம். இதே சார்ஜரை வேறு யார் யார் வாங்கியிருக்கிறார்கள், அவர்களுக்குச் சொல்லிவிட்டீர்களா என்று மட்டும் தெரிவியுங்கள்” என்று எழுதினார். தானியங்கி அமைப்பு அதே சலுகையை மறுபடியும் அனுப்ப, அவரும் அதே வரியை மறுபடியும் எழுதினார். மூன்று முறை இப்படி நடந்தபின், மூட முடியாத புகார் என்ற பட்டியலில் சேர்ந்து நான்காம் நாள் அது ஒரு மனிதரின் மேசைக்கு வந்தது. அவர் பணத்தை ஏற்றிருந்தால் அந்தப் புகாரை எங்களில் ஒருவரும் படித்திருக்க மாட்டோம். இதை எழுதும்போதும் என்னை உறுத்துவது இதுவே.

மூன்று நாள்களில் கண்டவை

புகாரை எடுத்த எங்கள் சக பணியாளர் முதலில் பக்கத்தைத் திறந்து பார்த்தார். ஐந்துக்கு நான்கரை நட்சத்திரம், நூற்றுக்கணக்கான மதிப்புரைகள். அண்மையில் எழுதப்பட்டவை சார்ஜரைப் பற்றியே பேசின. அவற்றைக் கடந்து கீழே போனதும் வேறு விதமான வரிகள் வந்தன. “கச்சிதமாகப் பொருந்துகிறது.” “ஆறு மாதமாகியும் நிறம் மங்கவில்லை.” “இரண்டு முறை கீழே விழுந்தும் என் போனுக்கு ஒரு கீறல்கூட இல்லை.” சார்ஜரின் படத்துக்குக் கீழே போன் கவரைப் பற்றிய பாராட்டுகள் வரிசையாக நின்றன. அவற்றை எழுதியவர்கள் யாரும் பொய் சொல்லவில்லை. அவர்கள் வாங்கியது உண்மையிலேயே நல்ல கவர்.

பக்கத்தின் திருத்த வரலாற்றை எடுத்துப் பார்த்தோம். எட்டு மாதங்களுக்கு முன்பு, இரண்டே வாரத்தில், படங்கள் ஒன்றன்பின் ஒன்றாக மாற்றப்பட்டிருந்தன. பிறகு தலைப்பு, பிறகு விவரணை. ஒவ்வொரு திருத்தத்தையும் தனித்தனியாக அமைப்பு அனுமதித்திருந்தது. பொருள் வகை மட்டும் மாற்றப்படாமல் ‘போன் கவர்’ என்றே இருந்தது. அதை மாற்றியிருந்தால் மின்பாதுகாப்புச் சான்றிதழ் கேட்கப்பட்டிருக்கும். திருத்தியவருக்கு அது தெரிந்திருந்தது என்றே நான் கருதுகிறேன்.

ஒரு பொருள் சம்பாதித்த மதிப்புரைகளை இன்னொரு பொருளுக்கு மாற்றிக்கொள்ளும் இந்த வேலையை எங்கள் துறையில் மதிப்புரைக் கடத்தல் என்போம். புதிய தந்திரமும் அன்று. அமெரிக்காவின் கூட்டாட்சி வர்த்தக ஆணையம் இதற்கென்று எடுத்த முதல் நடவடிக்கை 2023 பிப்ரவரியில் வந்தது. அதில் ஒரு நிறுவனம் 6,00,000 டாலர் செலுத்த நேர்ந்தது. எங்கள் பயிற்சிக் குறிப்புகளில்கூட அது இடம்பெற்றிருந்தது. ஆனால் நாங்கள் போலி மதிப்புரைகளைத்தான் தேடிக்கொண்டிருந்தோம். உண்மையான மதிப்புரை தவறான பொருளின்கீழ் நிற்பதைக் கண்டுபிடிக்க எங்களிடம் எந்தக் கருவியும் இல்லை.

அடுத்ததாகக் கிடங்குப் பதிவுகள். சார்ஜர்கள் உலகச் சுங்க வகைப்பாட்டில் 8504.40 என்ற குறியீட்டின்கீழ் வருபவை. எங்கள் வரவுப் பதிவிலோ பிளாஸ்டிக் பொருள்களுக்கான 3926 இருந்தது, ஏனென்றால் பக்கத்தின் வகையிலிருந்து குறியீட்டை அமைப்பே நிரப்பிக்கொண்டது. சரக்கோடு வந்த ஆவணங்களில் ‘செல்பேசித் துணைப்பொருள்’ என்ற பொதுவான விவரணையும், இறக்குமதியாளர் என்ற இடத்தில் ஒரு சரக்கு முகவரின் பெயரும் இருந்தன. வணிக விதிகள் எல்லையில் வேலை செய்ய வேண்டுமானால், வந்திருப்பது என்ன, அதற்குப் பொறுப்பாளர் யார் என்ற இரண்டு கேள்விகளுக்கும் சரியான பதில் தாளில் இருக்க வேண்டும். இங்கே இரண்டுக்குமே தவறான பதில். அதிலும் ஒன்று எங்கள் அமைப்பு தானாக எழுதிக்கொடுத்தது.

மூன்றாவதாக, மூடப்பட்ட புகார்களைத் தேடினோம். ஆர்டர் எண்ணைக் கொண்டு மட்டுமே தேட முடியும் என்பதால், அந்தப் பக்கத்தில் விற்ற எல்லா ஆர்டர்களின் பட்டியலையும் எடுத்து ஒவ்வொன்றாகப் பார்க்க இருவருக்கு ஒரு முழு நாள் ஆயிற்று. சூடு, வாசனை, பொறி, உருகல் என்று ஏதாவது ஒரு சொல் வரும் புகார்கள் பதினொன்று கிடைத்தன. அனைத்தும் 48 மணி நேரத்துக்குள் தீர்க்கப்பட்டவை. அனைத்திலும் பணம் திருப்பித் தரப்பட்டிருந்தது. ஒன்றில்கூடப் பொருள் திரும்பப் பெறப்படவில்லை. முதல் புகாரின் தேதி நான்கு மாதங்களுக்கு முந்தையது. ஒருவருடைய மர மேசையில் கருகிய வட்டம் விழுந்திருந்தது. இன்னொருவர், “பயன்படுத்தப் பயமாக இருக்கிறது, தெரிந்தவருக்குக் கொடுத்துவிட்டேன்” என்று எழுதியிருந்தார். அதற்கும் எங்கள் பதில் அதே பதில்தான்: வருந்துகிறோம், பணம் தரப்படும், பொருளை நீங்களே வைத்துக்கொள்ளலாம்.

இருப்பில் இருந்த இரண்டு சார்ஜர்களை ஆய்வகத்துக்கு அனுப்பினோம். அவற்றை அறுத்துப் பார்த்த பொறியாளர், சுவரிலிருந்து வரும் உயர் மின்னழுத்தப் பகுதிக்கும் செல்பேசிக்குப் போகும் தாழ் மின்னழுத்தப் பகுதிக்கும் நடுவே சில மில்லிமீட்டர் இடைவெளி இருக்க வேண்டிய இடத்தில் ஒரு மில்லிமீட்டர்கூட இல்லை என்றார். உருகி (ஃபியூஸ்) இருக்க வேண்டிய இடத்தில் வெறும் கம்பித்துண்டு பற்றவைக்கப்பட்டிருந்தது. மின்னணுச் சாதனங்களின் பாதுகாப்புக்கான பன்னாட்டுத் தரமான ஐ.இ.சி. 62368-1இன்படி சோதித்திருந்தால் முதல் சுற்றிலேயே தோற்றிருக்கும் என்பது அவர் கருத்து. காகித அறிக்கை வருவதற்கு முன்பே, விற்பனையை உடனே நிறுத்துங்கள் என்று தொலைபேசியில் சொல்லிவிட்டார்.

எடுத்த முடிவுகளும் அவற்றின் காரணங்களும்

விற்பனையை நிறுத்துவதில் கருத்து வேறுபாடு எழவில்லை. பக்கத்தை என்ன செய்வது என்பதில்தான் எழுந்தது. உடனே அழித்துவிட வேண்டும் என்பதே பலருடைய முதல் எண்ணம். அழித்தால் திருத்த வரலாறும் மதிப்புரைகளும் சேர்ந்து போய்விடும், தங்கள் பழைய ஆர்டரைத் திறந்து பார்க்கும் வாடிக்கையாளருக்கு ‘பக்கம் இல்லை’ என்ற வரிதான் தெரியும். ஆகவே பக்கத்தை உறையவைத்து, வாங்கும் பொத்தானை நீக்கி, அந்த இடத்தில் எச்சரிக்கையை வைத்தோம். கவரைப் பற்றிய மதிப்புரைகளைத் தனியே பிரித்து மறைத்தோம். அவற்றை எழுதியவர்களுக்கு, அவர்கள் சொல் எப்படிப் பயன்படுத்தப்பட்டது என்பதை விளக்கிக் கடிதமும் அனுப்பினோம். அது சட்டக் கடமை இல்லை. செய்யாமல் இருப்பது சரியாகப் படவில்லை.

யாருக்கு அறிவிப்பது என்பது அடுத்த கேள்வி. விவாதம் நீண்டது இதில்தான். எங்கள் சட்ட ஆலோசகர் இரண்டு தடைகளை வைத்தார். நாம் இடைத்தரகர் மட்டுமே, விற்பனையாளர் செய்ய வேண்டிய அறிவிப்பை நாம் செய்தால் பொறுப்பை நாமே ஏற்றதாகிவிடும் என்பது ஒன்று. செய்தே ஆக வேண்டுமென்றால், ஐரோப்பிய ஒன்றியத்தின் டிஜிட்டல் சேவைச் சட்டம் சட்டவிரோதப் பொருள் விற்கப்பட்டதை அறிந்த நாளுக்கு முந்தைய ஆறு மாதங்களில் வாங்கியவர்களுக்கே தெரிவிக்கச் சொல்கிறது, அதற்குமேல் போக வேண்டியதில்லை என்பது மற்றொன்று.

முதல் தடை நிற்கவில்லை. சரக்கை வைத்திருந்ததும் பொதிந்ததும் அனுப்பியதும் நாங்கள். மற்றவர் சரக்கைத் தன் கிடங்கில் வைத்து அனுப்பும் பெரிய இணையச் சந்தை ஒன்றை, சட்டத்தின் பார்வையில் விநியோகிப்பாளர் என்றே கொள்ள வேண்டும், திரும்பப் பெறும் பொறுப்பு அதற்கும் உண்டு என்று அமெரிக்க நுகர்வோர் பொருள் பாதுகாப்பு ஆணையம் 2024 ஜூலையில் தீர்மானித்திருந்தது. ஒரு நாட்டின் தீர்மானம் எல்லா நாடுகளையும் கட்டுப்படுத்தாது என்றாலும், வாங்கியவர்களின் முகவரிகள் எங்களிடம் மட்டுமே இருந்தன என்ற எளிய உண்மை எல்லா நாடுகளுக்கும் பொருந்தியது. விற்பனையாளர் நல்ல எண்ணத்தோடு அறிவிக்க விரும்பியிருந்தாலும் அவரால் முடிந்திருக்காது.

இரண்டாம் தடையை நாங்கள் சட்டத்தால் வெல்லவில்லை. பொருள் மாற்றப்பட்டு எட்டு மாதங்கள் ஆகியிருந்தன. ஏழு மாதங்களுக்கு முன்பு வாங்கிய சார்ஜர் ஐந்து மாதங்களுக்கு முன்பு வாங்கியதைவிடப் பாதுகாப்பானது என்று யாராலும் சொல்ல முடியாது என்றார் எங்கள் பிரிவுத் தலைவர். 2024 டிசம்பர் 13 முதல் நடைமுறையில் இருக்கும் ஐரோப்பியப் பொதுப் பொருள் பாதுகாப்பு ஒழுங்குமுறை, பாதுகாப்புக்காகத் திரும்பப் பெறும்போது அடையாளம் காண முடிந்த எல்லா வாடிக்கையாளர்களுக்கும் நேரடியாகத் தெரிவிக்கச் சொல்கிறது. நாங்கள் விற்ற நாடுகளின் விதிகளில் மிகக் கடுமையானதைத் தேர்ந்து அதையே எல்லா நாட்டு வாடிக்கையாளர்களுக்கும் பின்பற்றினோம். சார்ஜரின் படத்தோடு அந்தப் பக்கம் நின்ற முதல் நாளிலிருந்து வாங்கிய ஒவ்வொருவருக்கும் அறிவிப்பது என்று முடிவாயிற்று. முன்பே பணம் திரும்பப் பெற்றவர்களையும் சேர்த்தோம், ஏனென்றால் பணம்தான் திரும்பியிருந்தது, பொருள் அவர்களிடமே இருந்தது.

அறிவிப்பின் சொற்களுக்கு ஒரு மாலை முழுவதும் செலவிட்டோம். முதல் வரைவு இப்படித் தொடங்கியது: “முன்னெச்சரிக்கை நடவடிக்கையாக, சில அரிதான சூழ்நிலைகளில் அதிக வெப்பமடையக்கூடிய...” படிக்கும் எவரும் பாதி வரியில் மூடிவிடுவார்கள். அதே ஐரோப்பிய ஒழுங்குமுறை இந்த வகைச் சொற்களைக் குறிப்பாகவே விலக்குகிறது. தன்விருப்பத்தால், முன்னெச்சரிக்கையாக, அரிதான சூழ்நிலைகளில், இதுவரை விபத்து எதுவும் பதிவாகவில்லை என்பன போன்றவை ஆபத்தைச் சிறிதாக்கிக் காட்டும் என்பதே காரணம். இறுதியில் போன வரிகள் இவை: “நீங்கள் வாங்கிய சார்ஜர் தீப்பிடிக்கலாம், மின்னதிர்ச்சி தரலாம். இப்போதே சுவரிலிருந்து கழற்றுங்கள். யாருக்காவது கொடுத்திருந்தால் அவருக்குச் சொல்லுங்கள்.” அதன்பிறகே பணம் பற்றிய வரி வந்தது. அந்த மூன்று வாக்கியங்களில் கடைசியானது, பணத்தை மறுத்த அந்த வாடிக்கையாளரால் வந்தது.

பொருளை எப்படி ஒழிப்பது என்பதில் ஆய்வகப் பொறியாளரின் சொல்லைக் கேட்டோம். உடைக்கச் சொன்னால் சிலர் சுவரில் செருகியபடியே உடைக்க முயல்வார்கள் என்றார். எனவே கழற்றிய சார்ஜரின் மேல் அழியாத மையால் ஆர்டர் எண்ணை எழுதிப் படம் எடுத்து அனுப்பினால் பணம் தருவது, பொருளை மின்கழிவு சேகரிப்பில் சேர்க்கச் சொல்வது என்று வைத்தோம்.

நாங்கள் விற்ற நாடுகளின் பொருள் பாதுகாப்பு அதிகாரிகளுக்கு ஆய்வக அறிக்கையோடு அன்றே எழுதினோம். விற்பனையாளரின் கணக்கில் இருந்த நிலுவைத் தொகையையும் நிறுத்திவைத்தோம்.

விற்பனையாளர் யார் என்ற கேள்வி

கணக்கைத் திறந்தவரின் ஆவணங்கள் எல்லாம் சரியாக இருந்தன. தொடர்புகொண்டபோது அவர் அதிர்ந்துபோனார். கவர் வியாபாரம் செய்தவர் அவர். ஓராண்டுக்கு முன்பு தொழிலை விட்டபோது, நல்ல மதிப்பீடு பெற்ற தன் கணக்கை ஒரு இடைத்தரகர் மூலம் விற்றிருக்கிறார். கடவுச்சொல்லைக் கொடுத்தால் போதும் என்று சொல்லியிருக்கிறார்கள். வங்கிக் கணக்கை மட்டும் சில வாரங்கள் கழித்து வாங்கியவர் மாற்றிக்கொண்டார். அந்த மாற்றத்தை எங்கள் அமைப்பு ஒரு குறுஞ்செய்திக் குறியீட்டால் உறுதி செய்தது; குறியீடு போன எண்ணும் அதற்கு முன்பே மாற்றப்பட்டிருந்தது.

விற்பனையாளரின் அடையாளத்தைச் சரிபார்ப்பது இன்று பல நாடுகளில் சட்டக் கடமை. ஐரோப்பிய டிஜிட்டல் சேவைச் சட்டத்தின் 30ஆம் பிரிவு வணிகரின் தடமறிதலைப் பற்றியது. 2023 ஜூன் 27இல் நடைமுறைக்கு வந்த அமெரிக்கச் சட்டம், ஓராண்டில் 200 விற்பனையும் 5,000 டாலர் வருவாயும் எட்டும் விற்பனையாளரிடம் வங்கி, வரி, தொடர்பு விவரங்களைப் பெற்றுச் சரிபார்க்கச் சொல்வதோடு, அவை மாறவில்லை என்பதை ஆண்டுதோறும் உறுதி செய்யவும் சொல்கிறது. நாங்கள் ஆண்டு உறுதிமொழியை ஒரு பெட்டியில் குறியிடும் வேலையாக வைத்திருந்தோம். கணக்கை வாங்கியவர் அந்தப் பெட்டியிலும் குறியிட்டிருந்தார்.

அவர் எங்கள் மின்னஞ்சலுக்கு ஒருமுறை பதில் அனுப்பினார்: பக்கத்தைத் தன் பணியாளர் தவறுதலாகத் திருத்திவிட்டார் என்று. சான்றிதழ் கேட்டோம். வேறொரு சார்ஜரின் சான்றிதழ் வந்தது. அதில் இருந்த மாதிரி எண் எங்கள் பொருளோடு பொருந்தவில்லை. அதன்பிறகு பதில் இல்லை. ஆவணங்களை அதிகாரிகளிடம் ஒப்படைத்தோம். எங்கள் பங்கு அத்தோடு முடிந்தது.

தொடர்ந்து நடந்தவை

முதல் அறிவிப்பு மின்னஞ்சலாகப் போனது. ஒரு வாரத்தில் பாதிப்பேர்கூட அதைத் திறக்கவில்லை. விளம்பர அஞ்சல்களை அனுப்பும் அதே முகவரியிலிருந்து நாங்கள் அதை அனுப்பியிருந்தோம். தள்ளுபடிச் செய்திகளோடு அதுவும் சேர்ந்துகொண்டது. இரண்டாம் முறை செயலியைத் திறந்தவுடன் திரை முழுவதும் தெரியும்படி வைத்தோம், படித்து ஒப்புக்கொண்டால்தான் மேலே போக முடியும். அதற்குப் பிறகே பதில்கள் குவிந்தன. ஒன்றுக்கு மேற்பட்டவை வாங்கியவர்களைத் தொலைபேசியில் அழைத்தோம். அவர்களில் ஓர் அலுவலகம் இருபது சார்ஜர்களை வாங்கி ஊழியர்களுக்குக் கொடுத்திருந்தது. அழைப்பை எடுத்தவர் இடையில் ஒன்றும் கேட்காமல், தொலைபேசியைக் கையில் வைத்துக்கொண்டே எழுந்து போய் ஒவ்வொரு மேசையாகக் கழற்றச் சொன்னார். பதினேழு எண்ணிச் சொன்னார். மூன்று ஊழியர்களின் வீடுகளில் இருந்தன.

மூன்று மாத முடிவில் விற்ற சார்ஜர்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்குக்குக் கணக்குக் கிடைத்தது. துறையில் இது மோசமான விகிதம் இல்லை என்று சொன்னார்கள். எனக்கு அது ஆறுதலாக இல்லை. கிடைக்காதவை எங்கேயோ சுவரில் செருகப்பட்டிருக்கின்றன. உடலில் காயம் பட்டதாகச் செய்தி எதுவும் எங்களுக்கு வரவில்லை.

அதிகாரிகளில் ஒருவர் அன்றே பதில் எழுதி, எச்சரிக்கையைத் தங்கள் தளத்திலும் வெளியிட்டார். அதே சார்ஜர் வேறு பெயரில் வேறு சந்தைகளில் விற்கப்படுவதை அந்த எச்சரிக்கையைப் பார்த்த மற்றொரு சந்தையின் பணியாளர்கள் கண்டுபிடித்தார்கள். இத்தகைய செய்திகளை நாடுகளுக்கிடையே பகிர, பொருளாதார ஒத்துழைப்பு மற்றும் வளர்ச்சி அமைப்பு (ஓ.இ.சி.டி.) 2012 முதல் ஒரு பொதுத் தளத்தை நடத்திவருகிறது. திரும்பப் பெறும் அறிவிப்புகளை அதில் தேடிப் பார்ப்பது அதற்கு முன்பு எங்கள் அன்றாட வேலையில் இல்லை.

முதல் புகார் வந்த நாளிலேயே விற்பனையை நிறுத்தியிருந்தால் விற்றவற்றில் பாதிக்கு மேல் விற்றிருக்காது என்பதைத் தேதிவாரியாகக் கணக்கிட்டோம். அந்தக் கணக்கை நிர்வாகத்துக்கு அனுப்பிய அறிக்கையின் முதல் பக்கத்திலேயே வைத்தோம்.

மாற்றியவையும் மாற்ற வேண்டியவையும்

பணம் திருப்பித் தருவதையும் புகாரை மூடுவதையும் பிரித்தோம். வாடிக்கையாளருக்குப் பணம் உடனே போகும். ஆனால் சூடு, புகை, அதிர்ச்சி, காயம் போன்ற சொற்கள் வரும் புகாரை மூட ஒரு மனிதர் படித்தே ஆக வேண்டும். அந்தப் புகார் ஆர்டர் எண்ணோடு மட்டுமின்றிப் பக்கத்தோடும் சரக்குத் தொகுதியோடும் சேர்க்கப்படுகிறது. ஒரே தொகுதியில் இரண்டாவது புகார் வந்தால் விற்பனை தானாக நிற்கும். இதனால் எங்கள் 48 மணி நேர எண் சற்று மோசமாகத் தெரிகிறது. அதை ஏற்றுக்கொள்ள நிர்வாகத்துக்குச் சில மாதங்கள் பிடித்தன.

மின்பொருள்களுக்கு, ‘நீங்களே வைத்துக்கொள்ளலாம்’ என்ற பதிலை முற்றிலும் எடுத்துவிட்டோம்.

மதிப்புரை விஷயத்தில், தலைப்பு, படம், விவரணை ஆகியவற்றில் இரண்டு கணிசமாக மாறினால் அது புதிய பொருளாகக் கொள்ளப்படும், பழைய மதிப்புரைகள் அதனோடு வரமாட்டா என்று விதி வகுத்தோம். இணைய மதிப்புரைகளைத் திரட்டுதல், மட்டுறுத்தல், வெளியிடுதல் பற்றி ஐ.எஸ்.ஓ. 20488 என்ற பன்னாட்டுத் தரம் 2018இலேயே வந்துவிட்டது. அதே பொருளில் இந்தியத் தரமான ஐ.எஸ். 19000 2022இல் வந்தது. இரண்டையும் பக்கத்தில் வைத்துக்கொண்டே விதியை எழுதினோம். ஆயினும் முதல் மாதத்திலேயே அது நேர்மையான விற்பனையாளர்களையும் பாதித்தது. படங்களைத் தெளிவாக மறுபடி எடுத்துப் போட்ட ஒருவரின் நான்கு ஆண்டு மதிப்புரைகள் ஒரே இரவில் மறைந்தன. அவர் எழுதிய கடிதத்தில் இருந்த கோபம் நியாயமானது. இப்போது மதிப்புரைகளைப் பிரிக்கும் முன் விற்பனையாளருக்கு அறிவித்து, பொருள் அதுவே என்று நிரூபிக்க ஐந்து நாள் அவகாசம் தருகிறோம். அந்த ஐந்து நாள் மோசடி செய்பவருக்கும் கிடைக்கிறது என்பது தெரிந்தேதான் தருகிறோம்.

கணக்கின் தொலைபேசி எண்ணும் வங்கிக் கணக்கும் குறுகிய இடைவெளியில் மாறினால் உரிமையாளரை நேரலைக் காணொளியில் பார்த்துச் சரிபார்க்கிறோம். வரவுப் பதிவில் சுங்கக் குறியீட்டை அமைப்பு நிரப்புவதில்லை. சரக்கு ஆவணத்திலிருந்து கிடங்குப் பணியாளர் எழுதுகிறார், ஒவ்வொரு தொகுதியிலும் ஒரு பெட்டியைத் திறந்து உள்ளிருப்பதைப் பக்கத்தின் படத்தோடு ஒப்பிடுகிறார். இத்தனை மாற்றங்களிலும் மலிவானது இதுதான், ஒரு பெட்டிக்கு இரண்டு நிமிடம். எட்டு மாதங்களுக்கு முன்பே யாராவது ஒரு பெட்டியைத் திறந்திருந்தால் கவருக்குப் பதில் சார்ஜர் இருப்பது அன்றே தெரிந்திருக்கும்.

செய்யாமல் இருப்பது ஒன்று உண்டு. வாங்கியவர் பிறருக்குக் கொடுத்துவிட்ட பொருளைத் தேடிப் போக இன்னும் வழி காணவில்லை. பொருளின்மேலேயே அச்சிட்ட தொகுதி எண்ணும், அதை யாரும் உள்ளிட்டுப் பார்க்கக்கூடிய பொதுப் பக்கமும் வேண்டும் என்று பரிந்துரைத்திருக்கிறோம். தொகுதி எண் இல்லாத மின்பொருளைக் கிடங்கில் ஏற்க மறுக்க வேண்டியிருக்கும் என்பதால் விற்பனைப் பிரிவு இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை.

பணத்தை மறுத்த வாடிக்கையாளருக்கு, அவர் கேட்ட கேள்விக்கான பதிலை ஏழாம் வாரத்தில் எழுதினோம்: எத்தனை பேர் வாங்கினார்கள், எத்தனை பேருக்குத் தெரிவித்தோம், எத்தனை பேரிடமிருந்து பதில் வரவில்லை என்று. பதில் வராதவர்களின் எண்ணிக்கை குறையும்போது மறுபடியும் தெரிவிக்கச் சொன்னார். அதன்பின் இரண்டு முறை எழுதியிருக்கிறோம். அவருடைய புகார் எங்கள் பதிவில் இன்னும் திறந்தே இருக்கிறது.